சென்னையில் வாடகை வீடு: முதலில் தெருவைப் பாருங்கள், அப்புறம் வீட்டை

ஒன்பது வருடத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். அதில் நாலு வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. காற்று வரும், ஓனர் தொந்தரவு இல்லை, குழாய் ஒழுகாது. காலி செய்ததெல்லாம் வீடு இருந்த இடத்தால்தான். கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த சென்னை என்பது தி.நகர், மெரினா, அப்புறம் கல்லூரி சீனியர் ஒருவர் தங்கியிருந்த வேளச்சேரி, அவ்வளவுதான். சீனியர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேளச்சேரியில் வீடு எடுத்தேன். வேலையோ சிறுசேரி சிப்காட்டில். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் அதற்கும் மேலே. வேளச்சேரியில் நான் தூங்கத்தான் செய்தேன், அதையும் சரியாகச் செய்யவில்லை.

அதனால் முதல் வேலையாகச் சொல்வது: ஊரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வீட்டை முடிக்காதீர்கள். முதல் மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பி.ஜி.யில் படுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு சுமார்தான், ஒரு அறையில் மூன்று கட்டில் போட்டிருப்பார்கள், பரவாயில்லை, ஒரு மாதம்தானே. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. புதிதாக வந்தவனுக்கு ஊர் புரிகிற வரைக்கும் தலை சாய்க்க ஓர் இடம். அந்த ஒரு மாதத்தில் சனி ஞாயிறு சுற்றிப் பார்த்தால், எந்தப் புரோக்கரும் சொல்லாத விஷயங்கள் தானாகத் தெரிந்துவிடும்.

அலுவலக வாசலிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் ஐ.டி. வேலை என்றாலே ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைதான் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை நாலைந்து திசையில் சிதறிக் கிடக்கிறது. தரமணி டைடல் பார்க்கில் ஆரம்பித்துப் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று சிறுசேரி வரைக்கும் நீள்வது ஒரு வரிசை. கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் ஒரு கூட்டம். போரூர், மணப்பாக்கம் பக்கம் ஒரு கூட்டம். அம்பத்தூர் எஸ்டேட் தனி உலகம். தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், அதையும் தாண்டினால் மகிந்திரா சிட்டி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை என்றால் கதையே வேறு. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை மட்டும்தான். காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்னே பஸ் வந்துவிடும். அந்த நிறுத்தத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இல்லை என்றால், அந்த நேரத்தில் ஆட்டோ தேடித் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது வேறு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஒரு கிலோமீட்டர் வேறு. புரோக்கர் உங்களை ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டிக்கொண்டு போவார். "ஆபீஸ் இங்கேருந்து பத்தே நிமிஷம் சார்" என்பார், அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கும். வீடு பிடித்துப் போனால் ஒரு செவ்வாயோ புதனோ அந்தத் தெருமுனையில் காலை எட்டரைக்குப் போய் நின்று, அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒரு தடவை நிஜமாகவே போய்ப் பாருங்கள். அரை நாள் லீவு போட்டாலும் தப்பில்லை.

பெயரையும் நம்பாதீர்கள். பறக்கும் ரயிலில் பெருங்குடி என்று ஒரு நிலையம் இருக்கிறது. ஓ.எம்.ஆரில் இருக்கும் பெருங்குடி அலுவலகங்களுக்கு அங்கே இறங்கி நடந்து போய்விடலாம் என்று நினைத்து வீடு எடுத்த ஒரு நண்பன், முதல் வாரமே செருப்பு தேய்ந்து பைக் வாங்கினான். டைடல் பார்க் என்றால் திருவான்மியூர் நிலையம் கை கொடுக்கும். பெருங்குடி என்றால் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோதான்.

தூரத்துக்காக வாடகை குறைகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் நாலாயிரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் கூடுதலாகப் பயணம் செய்தால், ஒரு நாளைக்கு 80 நிமிடம், 22 வேலை நாளைக்குக் கிட்டத்தட்ட 29 மணி நேரம். மாதத்தில் ஒரு முழு நாளுக்கும் மேலே ரோட்டில். அதற்கு மேலே பெட்ரோல், மழை நாளில் பைக் டாக்ஸி. அந்த நாலாயிரம் எங்கே மிஞ்சியது என்று நான் ஒன்றரை வருடம் தேடினேன்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அலுவலகத்தின் காம்பவுண்ட் சுவரை ஒட்டி வீடு எடுப்பது. நாவலூரில் அப்படித்தான் எடுத்தேன், பத்து நிமிட நடை, சொர்க்கம். பதினான்காவது மாதம் வேலை மாறினேன், புதிய அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கலில். நம் வயதில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுகிறோம், அட்வான்ஸும் பெயிண்டிங்கும் பேக்கர்ஸும் ஒவ்வொரு தடவையும் தண்டம். அதனால் இப்போது என் தேர்வு, எந்தத் திசைக்கும் வழி இருக்கிற இடம். மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கிற கிண்டி, பரங்கிமலை, அதைச் சுற்றி ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், சைதாப்பேட்டை. வாடகை கொஞ்சம் கூடுதல், வீடுகள் பழசு, சந்துகள் குறுகல். ஆனால் ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன, மின்சார ரயிலில் கடற்கரைக்கும் போகலாம், செங்கல்பட்டுக்கும் போகலாம். ஓ.எம்.ஆர். வேலை கிடைத்தாலும் அம்பத்தூர் வேலை கிடைத்தாலும் உயிர் போகாது. இரண்டு பேர் சேர்ந்து வீடு எடுத்து, ஒருத்தருக்குச் சோழிங்கநல்லூர், இன்னொருத்தருக்கு அண்ணா நகர் என்றால் எனக்குத் தெரிந்து இதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "இங்க மெட்ரோ வரப் போகுது சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். ரயில் ஓடுகிற நிலையத்துக்குப் பணம் கொடுங்கள், தோண்டிப் போட்ட பள்ளத்துக்குக் கொடுக்காதீர்கள். வேலை நடக்கிற சாலையில் வாடகை குறையத்தான் வேண்டும், தூசிக்கும் சுற்றுப்பாதைக்கும் சேர்த்து.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏ.சி. பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே தெருமுனையில் பஸ் வருகிறதா என்று பார்ப்பதோடு, அதில் சாதாரண பஸ் எத்தனை வருகிறது என்று ஒரு அரை மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்தால் மாதச் செலவில் வித்தியாசம் தெரியும்.

தண்ணீர்: வராத தண்ணீர், வருகிற தண்ணீர்

இந்த ஊரில் வீடு தேடுவது என்பது பாதிக்கு மேல் தண்ணீர் தேடுவதுதான். கோடையில் வருமா, ஐப்பசி கார்த்திகையில் உள்ளே வருமா, இரண்டு கேள்விதான்.

முதலில் வராத தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டபோது ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. கொரோனாவுக்கு முன்னாலேயே நமக்கு வீட்டிலிருந்து வேலை வந்தது தண்ணீரால்தான். ஓ.எம்.ஆரில் உயர உயரமாக நிற்கிற அடுக்குமாடிகள் பலவும் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. நீச்சல் குளம் காட்டுவார்கள், ஜிம் காட்டுவார்கள், லாரி வந்து நிற்கிற பின்பக்கத்தைக் காட்ட மாட்டார்கள். கேட்க வேண்டியது: மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, போர்வெல் தண்ணீரா, லாரியா? லாரி என்றால் அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடங்குமா, தனியா? ஏப்ரல், மே மாதத்தில் போன வருடம் எவ்வளவு வந்தது? கடைசிக் கேள்விக்கு ஓனர் யோசித்தால், கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தால் போதும். டைல்ஸின் இடுக்குகள் துருப்பிடித்தது போல மஞ்சளாக இருக்கும், ஷவர் துளைகள் வெள்ளைப் பொருக்கில் பாதி அடைத்திருக்கும், முன்னால் இருந்தவர் விட்டுப்போன மக்கின் அடியில் ஒரு செம்மண் வளையம் தெரியும். குழாயைத் திறந்து கையில் பிடித்து முகர்ந்து பாருங்கள், இரும்பு வாசம் வரும். அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எதனால் கொட்டியது என்று தெரியாது, வெள்ளைச் சட்டைகள் பழுப்பானதற்கு மட்டும் நான் சாட்சி. குடிக்க எப்படியும் கேன்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் கேன்காரர் மாடிக்கு ஏற்ற ஐந்து பத்து கூடுதலாகக் கேட்பார், நியாயம்தான்.

இனி உள்ளே வருகிற தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் யாரும் வீட்டைத் தரைத்தளத்தில் எடுக்கும் முன் ஒரு தடவை நின்று யோசிப்பார்கள். வேளச்சேரியின் உள்தெருக்கள், மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் எல்லாம் வேறு ஏரியாக்காரர்கள்.

ஆனால் ஏரியா பெயரை வைத்து மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது, ஒரே ஏரியாவில் ஒரு தெரு காய்ந்திருக்கும், அடுத்த தெருவில் இடுப்பளவு நிற்கும். தெருவின் மட்டம்தான் விஷயம். இதை எனக்குப் புரியவைத்தது ஓர் இஸ்திரி வண்டிக்காரர்.

நாலாவது வீடு தேடிக்கொண்டிருந்தபோது தென்சென்னையில் ஒரு தெரு. தரைத்தளம், இரண்டு படுக்கையறை, கேட்கிற வாடகைக்கு நம்ப முடியாத அளவு பெரிய வீடு. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட் வாசம். ஓனர் சாவி எடுக்க மேலே போயிருந்த நேரத்தில் வாசலில் நின்று சும்மா சுற்றிப் பார்த்தேன். இ.பி. மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது, கையைத் தூக்கினால்தான் எட்டும். தண்ணீர் மோட்டாரை இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டி அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். இரும்பு கேட்டில் முழங்கால் வரைக்கும் துரு, அதற்கு மேலே சுத்தம், யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எதிரே புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி. "அண்ணா, இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன். அவர் பெட்டியைத் துணியிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "இங்கயா? ரெண்டு நாள் விடாம பேஞ்சா நான் வண்டிய மெயின் ரோட்டுக்குத் தள்ளிருவேன் தம்பி. அந்த வூட்ல ஏன் மூணு வருஷமா யாரும் நிலைக்கலன்னு நெனக்கிறீங்க?"

அன்றிலிருந்து வீடு பார்க்கப் போனால் முதலில் மீட்டர் பெட்டி, மோட்டார், கேட், இந்த மூன்றையும்தான் பார்ப்பேன். சாலை உயரமா, வாசல்படி உயரமா என்று பார்ப்பேன். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் சாலை ஏறிக்கொண்டே போக, பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடுகின்றன. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் நாலு செங்கல் மேல் நிற்கிறதா என்றுகூடக் கண் போகும். தெருவின் பழைய பெயரும் ஏதாவது சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு என்று பெயர் இருந்தால் கரை எங்கே, ஏரி எங்கே என்று கேட்டுவிடுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. தி.நகரே நூறு வருடத்துக்கு முன் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை. முதல் மாடியோ அதற்கு மேலோ எடுத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. பைக் எங்கே நிற்கும்? மூன்று நாள் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது குளிக்க என்ன செய்வீர்கள்? இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு தேட நல்ல காலம் எது என்று என்னைக் கேட்டால் நவம்பர்தான். மழையில் நனைந்துகொண்டே பார்த்தால் பொய் சொல்ல யாராலும் முடியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி

இதை யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் வெளியூர்க்காரர் என்றால், மாதம் ஒன்றிரண்டு தடவையாவது வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் பஸ் ஏறுவீர்கள், திங்கட்கிழமை விடிகாலையில் வந்து இறங்குவீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான். அம்பத்தூரில் இருப்பவர் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள், ஊர் போய்ச் சேரும் அலுப்பில் பாதி வந்துவிடும். மதுரை, நெல்லை பக்கத்துக்காரர்களுக்குக் குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வசதி. எழும்பூரிலிருந்து கிளம்பும் தென்மாவட்ட ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கும் என்பது கூடுதல் லாபம். கோவை, சேலம், ஈரோட்டுக்காரர்கள் ரயிலுக்குச் சென்ட்ரலையும் பெரம்பூரையும் பார்ப்பீர்கள், உங்களுக்கு மெட்ரோ ஓரமாக வீடு இருப்பது நல்லது. பொங்கல், தீபாவளிக்குத் தெற்கே போகிற ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் அந்த இரண்டு நாள் மட்டும் ராஜா.

ஓனர் உங்களைப் பார்ப்பார்

நீங்கள் வீட்டைப் பார்ப்பது பாதி, ஓனர் உங்களைப் பார்ப்பது மீதி. டூ-லெட் போர்டின் அடியிலேயே "ஃபேமிலி ஒன்லி" என்று எழுதியிருப்பார்கள். கல்யாணமாகாத பையன் என்றால் ராத்திரி பாட்டில் உருட்டுவான், பெண் என்றால் யார் வருகிறார் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இதுதான் பொதுவான நினைப்பு. பேச்சிலருக்கு வீடு சுலபமாகக் கிடைக்கிற இடங்கள், பேச்சிலர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிற இடங்கள்தான்: வேளச்சேரி, தரமணி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், ராமாபுரம், ஈக்காட்டுத்தாங்கல் மாதிரி. மயிலாப்பூர், நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் பக்கம் "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா தம்பி?" என்ற கேள்வி முதலிலேயே வரும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் சில சமயம் இன்னொரு கேள்வி இருக்கும். "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?" என்று சுற்றிச் சுற்றி வந்து, நீங்கள் எந்தச் சாதி என்பதில் வந்து நிற்கும். என் ரூம்மேட் ஒருவன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி அட்வான்ஸ் வரை பேசி முடித்தான். மறுநாள் காலை "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி, வீடு தர முடியல" என்று போன் வந்தது. அந்த வீட்டின் டூ-லெட் போர்டு அப்புறமும் இரண்டு மாதம் தொங்கியது. அப்படிக் கேட்கிற வீட்டில் இடம் கிடைத்தாலும் போக வேண்டாம் என்பது என் கட்சி. உங்கள் வீட்டுக் குக்கர் விசிலைக்கூட எண்ணுவார்கள். ஓனர் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற அடுக்குமாடி வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே அசோசியேஷன் என்று வேறொரு தொல்லை. விருந்தாளி ராத்திரி தங்கலாமா, பார்க்கிங் யாருக்கு, பேச்சிலர்களுக்கு லிஃப்டில் தனிச் சட்டம் உண்டா என்று வாட்ச்மேனிடம் கேட்டால் உண்மை தெரியும்.

தனியாக இருக்கப் போகிற பெண்கள், ராத்திரி ஒன்பதரைக்கு மேலே பஸ் நிறுத்தத்திலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ வீடு வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள், கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு. தெருவிளக்கு எத்தனை எரிகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு மருந்துக்கடை, ஒரு டீக்கடை, ஒரு இட்லிக்கடை பத்தரை வரைக்கும் திறந்திருக்கிற தெரு நல்ல தெரு. பிரியாணி அண்டா வாசலில் இருக்கிற தெருவும் நல்ல தெருதான், அது எல்லாருக்கும் பொருந்தும்.

அந்த நடையிலேயே காதையும் மூக்கையும் திறந்து வையுங்கள். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விமானம் தலையில் இறங்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும், போன் மீட்டிங்கில் எதிர்முனைக்காரர்கள்தான் பழக மாட்டார்கள். பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரலில் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. காற்று திரும்பினால் பள்ளிக்கரணைப் பக்கம் சாதாரண நாளிலும் தெரியும். இருட்டியதும் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள், கொசு தன் கணக்கைத் தானே சொல்லும்.

காசு பேசும்போது

அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆறு மாதம், சில இடத்தில் பத்து மாதம் என்று கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்திருக்கிறது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். இதை எடுத்த எடுப்பில் ஓனரிடம் சட்டமாகப் பேசினால் வீடு கிடைக்காது, அதுவும் நிஜம். நான் செய்வது: "ஆன்லைன்ல பதிஞ்சுக்கலாமா சார், எனக்கு ஆபீஸ்ல கேக்கறாங்க" என்று மெதுவாக ஆரம்பிப்பேன். பதிவு என்று வந்துவிட்டால் பத்து மாதம் என்று எழுத அவர்களுக்கே கை கூசும். பேசிப் பேசி இறங்குவார்கள்.

கரண்ட் பில் பற்றி ஒரு கேள்வி கட்டாயம்: தனி மீட்டரா, சப்-மீட்டரா? இ.பி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறது, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். உங்களுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இந்த இலவசம் உங்களுக்கு. ஓனர் வீடும் உங்கள் போர்ஷனும் ஒரே இணைப்பில் ஓடினால், இலவசம் அவருக்கு, 500ஐத் தாண்டிய விலை உங்களுக்கு, அதுவும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் விலை. ஏ.சி. போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய வருமான வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) கழிவு வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை என்றால் ஓனரின் பான் எண் தேவை. சாவி வாங்கிய பிறகு கேட்டால் பல ஓனர்களுக்குக் காது கேட்காமல் போய்விடும்.

காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே வழக்கம். மூன்றாவது வீட்டில் எனக்குப் பெயிண்டிங்கோடு சேர்த்து, நான் வரும் முன்னே உடைந்திருந்த கழிப்பறை ஃபிளஷுக்கும் பிடித்தார்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. இப்போது சாவி கைக்கு வந்ததும் சாமான் ஏற்றும் முன் வீட்டை மூலை மூலையாக வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து, அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். "எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்பார்கள். "அம்மாவுக்குக் காட்டணும்னு எடுத்தேன் சார், உங்களுக்கும் ஒண்ணு அனுப்பினேன்."

கடைசியாக, வாடகை குறைக்க ஒரு வழி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி போக மாட்டார்கள். அதனால் ஆனி முடிகிறபோது காலியாக இருக்கிற வீட்டுக்காரருக்கு அடுத்த ஒரு மாத வாடகை போகப் போகிறது என்று தெரியும். அப்போது போய்ப் பேசுங்கள், ஆயிரம் ஐந்நூறு இறங்கும், அட்வான்ஸிலும் ஒரு மாதம் குறையும். வீட்டில் பெரியவர்கள் ஆடி என்று முகம் சுளித்தால், ஆனி கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் போய்ப் பால் மட்டும் காய்ச்சிவிட்டு வாருங்கள், சாமானை ஆடியில் நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம். என் இப்போதைய வீட்டுக்கு அப்படித்தான் வந்தேன். பால் காய்ச்சின அன்றைக்கு அடுப்புகூடக் கிடையாது, கீழ்வீட்டு அக்காவிடம் இண்டக்‌ஷன் ஸ்டவ் இரவல் வாங்கினோம்.